வற்றாது என்று சொன்ன கிணறு

ஹாடோ, போர்ட் பிளேர்
3.3.2024

அன்புள்ள மங்கை அக்காவுக்கு நளினி எழுதுவது. நானும் இவரும் பாப்பாவும் சுகம். நீயும் அத்தானும் பையன் தமிழும் சாத்தூர் வெயிலில் எப்படி இருக்கிறீர்கள்?

கடிதமா என்று சிரிக்காதே. போன் அடித்தால் அத்தான்தான் எடுக்கிறார். "அக்கா குளிக்கிறா" என்கிறார். ஒரு மனுஷி நாளைக்கு ஆறு தடவையா குளிப்பாள்? அதுதான் நீ வேலை பார்க்கும் பள்ளிக்கூட முகவரிக்கே எழுதுகிறேன்.

சங்கவிக்கு மூன்று மாதம் ஆகிறது. முகம் பார்த்துச் சிரிக்கிறாள். பிரசவம் வரைக்கும் இருக்கிறேன் என்று சொன்ன நீ ஐப்பசியிலேயே கப்பல் ஏறிவிட்டாய். பெரியம்மா முகத்தை இவள் இன்னும் பார்க்கவில்லை. அம்மா இல்லாத வீட்டில் பிரசவம் என்றால் அக்காதானே அம்மா. சரி, அதை விடு.

விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் வாங்கிய லாண்டரியில் ஏதோ சரியில்லை. மாசி பிறந்ததிலிருந்து சோப்பு நுரைக்கவில்லை. லாட்ஜ் விரிப்புகள் காய்ந்தால் அப்பளம் போல மொடமொடவென்று நிற்கின்றன. ஓரமெல்லாம் மஞ்சள். நேற்று ஒரு லாட்ஜ் மேனேஜர் மூட்டையை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். "என்னம்மா, டீயில முக்கி எடுத்தீங்களா?" என்று கேட்கிறார். இவர் மெஷினைப் பிரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தேன். கரிக்கிறது. ஆவணியில் கடையைப் பார்க்க வந்து நாங்கள் குடித்தபோது இளநீர் மாதிரி இருந்ததே!

நீ இங்கே ஒன்பது வருஷம் இருந்தவள். உங்கள் கையில் கடை இருந்தபோது இப்படி ஆனதுண்டா? உடனே எழுது.

உன் தங்கை,
நளினி


சாத்தூர்
21.3.2024

அன்புத் தங்கை நளினிக்கு, ஆசிகள் பல. குணா தம்பியையும் குழந்தையையும் கேட்டதாகச் சொல். இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

குழந்தைக்கு வேர்க்குரு வரும், பருத்தித் துணி மட்டும் போடு. பால் கட்டினால் கவனமாக இரு. தமிழுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. வீட்டில் டி.வி.கூடப் போடுவதில்லை.

துணிக்குச் சலவைச் சோடா கொஞ்சம் கூடப் போட்டுப் பார். கடைசி அலசலுக்கு வினிகர் ஒரு மூடி. மழை வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மங்கை


ஹாடோ
5.4.2024

அன்புள்ள அக்கா, நாங்கள் சுகமே. தமிழ் பரீட்சை நன்றாக எழுதியிருப்பான். நீ சொன்ன சோடாவும் போட்டேன், வினிகரும் ஊற்றினேன். மஞ்சள் போகவில்லை. பதினொரு லாட்ஜில் ஏழு போய்விட்டன.

செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வந்தாள். ஜெயமணி என்று பெயர், எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டிலிருந்து. வாசலில் நின்றுகொண்டு, "தீதி இல்லையா? மங்கா தீதி?" என்றாள். ஊருக்குப் போய்விட்டார்கள், நான் தங்கச்சி என்றேன்.

"அப்போ நீங்க ஏன் இந்த வருஷம் துணி கப்டா எதுவும் அனுப்பல? வேற ஆளு புடிச்சிட்டீங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உட்காரச் சொல்லி டீ கொடுத்தேன். அவளே சொன்னாள். "தை முடிஞ்சா விரிப்பு எல்லாம் எங்க பக்கம் வந்துடும். தீதி சாத்தம் ஜெட்டில மொத போட் புடிச்சு மூட்டையோட வருவாங்க. எங்க ஓடையில துவைச்சு, காய வச்சு, சாயங்கால போட்ல ஏத்திடுவோம். மழை வர்ற வரைக்கும் அதான். எத்தனையோ வருஷமா அதானே."

"இங்கே கிணறு இருக்கே?" என்றேன்.

"ஐயோ, அந்தக் கிணறா! ஹோலிக்கு முன்னாடியே உப்பாயிடுமே. கடல் உள்ள வந்துடும். மாலூம் நஹி?"

எனக்குத் தெரியாது அக்கா. மழைக்காலத்தில் வந்து கிணற்றை எட்டிப் பார்த்தவர்களுக்கு என்ன தெரியும்? நம் ஊரில் கிணறு என்றால் ஒன்று இருக்கும், இல்லை வற்றும். இனித்துக்கொண்டிருக்கும் கிணறு கரிக்க ஆரம்பிக்கும் என்று எந்த ஊர்க்காரன் கேட்பான்?

மாசி, பங்குனியில் போன் செய்தால் "பாம்பூஃப்ளாட் கோயிலுக்குப் போறேன்டி, போட்ல இருக்கேன்" என்பாய். அக்காவுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று நான் இவரிடம் கேலி பண்ணியிருக்கிறேன்.

உனக்குத் தெரியும்தானே? இது ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. ஜெயமணி வந்ததை நான் இன்னும் இவரிடம் சொல்லவில்லை.

நளினி


சாத்தூர்
30.4.2024

அன்புத் தங்கைக்கு, நலமே விளைக.

குழந்தைக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. குப்புற விழுந்துவிட்டாளா? கட்டிலில் தனியாக விடாதே. காது குத்தும்போது இடது காதை முதலில் குத்தச் சொல்வார்கள், அதெல்லாம் பார்க்காதே, வலிக்காமல் குத்துகிற ஆளாகப் பார். இரண்டு பருத்திச் சட்டை தைத்துப் பார்சலில் போட்டிருக்கிறேன். ஒன்று கொஞ்சம் பெரிது, வளர்ந்ததும் போடலாம்.

இங்கே வெயில் ஆளைத் தின்கிறது. தமிழ் பரீட்சை முடிந்து ஊர் சுற்றுகிறான்.

வேறு விசேஷம் இல்லை.

மங்கை


ஹாடோ
20.5.2024

அக்காவுக்கு, சட்டை வந்தது. சின்னது சரியாக இருக்கிறது. நீங்கள் எல்லோரும் சுகமா?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஜெயமணி பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். காது குத்துவது வரைக்கும் எழுத உனக்கு இடம் இருந்திருக்கிறது.

இவரிடம் சொல்லிவிட்டேன். இவர் கத்தவில்லை. கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொண்டார். பிறகு வந்து, உங்கள் வீட்டுக்குப் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நீ பக்கத்தில் இருந்தாயா, தெரியாது. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணே, கிணறு உப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நான் என்ன சொன்னேன் குணா? வத்தாதுன்னு சொன்னேன். வத்திருச்சா?"

"வத்தல."

"பெறகென்ன? போர்ட் பிளேர்ல குழாய்த் தண்ணி மூணு நாளைக்கு ஒருக்கா. சொந்தக் கிணறுன்னுதானே வாங்குன? நீயேதானே வாளியப் போட்டு இறைச்சுக் குடிச்சுட்டு, 'இளநி மாதிரி இருக்குண்ணே'ன்னு சொன்ன? நானா ஊத்துனேன் ஒன் வாயில?"

"மாசியில என்ன ஆகும்னு நான் கேக்கலண்ணே. கேக்கத் தெரியல."

"கேக்காததுக்கு நான் பொறுப்பா?"

அவ்வளவுதான். இவர் போனை வைத்துவிட்டு, "உங்க அத்தான் ஒரு பொய்கூடச் சொல்லல நளினி. அதான் எனக்கு ஆத்திரமா வருது" என்றார்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பியாகிவிட்டது. அம்மா நிலத்தில் என் பங்கை விற்றுத்தான் இதை வாங்கினோம் என்பது உனக்குத் தெரியும். விட்டுவிட முடியாது. உன்மேல் இல்லை, அத்தான்மேல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது உண்மையா என்று நீதான் சொல்ல வேண்டும்.

நளினி


ஹாடோ
4.8.2024

அன்புள்ள அக்காவுக்கு, நலமாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். இரண்டு மாதத்துக்கு மேலாகக் கடிதம் இல்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று ஒரு வாரம் நம்பினேன்.

மழை வந்துவிட்டது. கிணறு மறுபடி இனிக்கிறது. அதைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது. நம்மை ஏமாற்றியவன் ஒன்றுமே நடக்காததுபோல் சிரித்துக்கொண்டு எதிரே வருவானே, அப்படி இருக்கிறது.

பாப்பா தவழ்கிறாள். இவர் விடிந்தால் லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்குகிறார். பக்கத்து வீட்டு பெங்காலி அம்மா நல்லவர், ஆனால் நான் இந்தியில் யோசித்து ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். தமிழில் வாய்விட்டுப் பேசுவது பாப்பாவிடம்தான். அவள் பதில் சொல்வதில்லை. உன்னிடம் பழகியதால் அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

வழக்குப் போட்டுவிட்டோம். எங்கள் வக்கீல் ரஷீதா மேடம், நம் ராமநாதபுரத்துக் குடும்பம், இங்கேயே பிறந்தவர். சத்தமாகச் சிரிப்பார். முதல் நாளே சொன்னார்: "பாருங்க நளினி, சும்மா வாய மூடிக்கிட்டு இருந்தா சட்டத்துல அது மோசடி இல்ல. குதிர விக்கிறவன், குதிரைக்குக் கோளாறுன்னு தானா சொல்லணும்னு அவசியம் இல்ல."

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவர் கையைக் காட்டி, "இருங்க, இன்னும் முடிக்கல. வாங்குறது அவனோட சொந்த மகளா இருந்தா? அப்ப சொல்லியே ஆகணும். அந்த உறவுல வாய மூடுறதும் பேசுறதும் ஒண்ணுதான். இது நான் சொல்லல, சட்டப் புத்தகத்துலயே குதிரையும் இருக்கு, மகளும் இருக்கா" என்றார்.

"மகளுக்குச் சரி மேடம். கொழுந்தியாளுக்கு?"

"அதத்தாம்மா ஜட்ஜுகிட்ட கேக்கப் போறோம்!"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த மகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோர்ட்டுக்குப் போன பிறகு அவள் அப்பா வீட்டுக்குப் போயிருப்பாளா?

ஒரு வரி எழுது அக்கா.

நளினி


சாத்தூர்
17.9.2024

நளினிக்கு, சௌக்கியம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

கோர்ட் சம்மன் வந்தது. உன் அத்தானுக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது. உப்பில்லாமல் சமைக்கிறேன். சாப்பிடும்போது யாரும் பேசுவதில்லை.

பள்ளிக்கூடத்தில் உன் கையெழுத்தைப் பார்த்தால் பியூன் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து தருகிறான். எழுதாதே என்று சொல்ல வரவில்லை.

குழந்தை போட்டோ ஒன்று அனுப்பு.

மங்கை


ஹாடோ
12.11.2024

அன்புள்ள அக்கா, போட்டோ இதோடு வைத்திருக்கிறேன். நிமிர்ந்து நிற்கிறாள் பார், பின்னால் என் கை தெரிகிறது. உன் உடம்பும் அத்தான் உடம்பும் தேவலையா?

ஒரு சங்கதி. யாரிடமும் சொல்ல முடியவில்லை, உன்னிடம்தான் சொல்ல முடியும்.

பத்து நாள் முன்னால் கடையைப் பார்க்க ஆள் வந்தார்கள். தெற்குத் தீவில் கேம்பல் பே என்ற ஊரிலிருந்து ஒரு தமிழ்ப் புருஷன் பெண்டாட்டி. அவன் அப்பா ராணுவத்தில் இருந்து அங்கே குடியேறியவராம். அந்தப் பெண் பெயர் ப்ரியங்கா, என்னைவிடச் சின்னவள். இவர் வக்கீலிடம்கூடச் சொல்லாமல் வரவழைத்திருக்கிறார். கடன் நெருக்குகிறது, கைமாற்றிவிட்டால் ஊருக்குப் போய்விடலாம் என்றார்.

அவர்கள் கிணற்றைத்தான் முதலில் பார்த்தார்கள். அந்தப் பையன் வாளியைப் போட்டான். குடித்தான். "நல்லாயிருக்கு, நீயும் குடி" என்று அவளுக்குக் கொடுத்தான். அவள் குடித்துவிட்டு என்னைப் பார்த்து, "வத்துமாக்கா?" என்றாள்.

"வத்தாது" என்றேன்.

பொய் இல்லையே. இவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. எனக்கு இந்த இடத்தைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது. அன்று முழுக்க அப்படியே இருந்தேன். பாப்பாவைக் குளிப்பாட்டினேன், சமைத்தேன், கூடையில் துணி மடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இவ்வளவு சுலபமா என்று.

மறுநாள் அவர்கள் தங்கியிருந்த லாட்ஜுக்கு நடந்தே போய் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். அவள் நன்றிகூடச் சொல்லவில்லை. "நேத்தே சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள்.

இவர் என்னோடு பேசி எட்டு நாள் ஆகிறது. தட்டு வைத்தால் சாப்பிடுகிறார். சொன்னதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை அக்கா. ஆனால் சொல்லாமல் இருந்த அந்த ஒரு நாளில் உன்னை எனக்குக் கொஞ்சம் தெரிந்துபோயிற்று.

நளினி


ஹாடோ
19.1.2025

அக்காவுக்கு, பொங்கல் வாழ்த்துகள். இங்கே குக்கரில் வைத்தேன். பாப்பா நடக்கிறாள், விழுகிறாள், எழுந்திருக்கிறாள். இவர் இப்போது பேசுகிறார்.

கிணறு இந்த வருஷம் முன்னாலேயே மாற ஆரம்பித்துவிட்டது. இனி நாங்களும் பாம்பூஃப்ளாட்தான். மிச்சமிருக்கும் நாலு லாட்ஜ் துணியை மூட்டை கட்டிப் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சாத்தத்தில் போட் ஏறுகிறேன். படகுக் கூலியும் ஜெயமணி கூலியும் போக எங்களுக்குச் சோப்பு வாசனைதான் மிச்சம். நீ இந்த போட்டில் எந்தப் பக்கம் உட்காருவாய்?

கோர்ட்டிலிருந்து வந்து கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துப் போகப்போகிறார்கள். உப்பு என்று நிரூபித்துவிடலாமாம். உங்களுக்குத் தெரியும் என்பதைத்தான் நிரூபிக்க வேண்டும். ரஷீதா மேடம், "ஜெயமணி சொன்னா போதாதும்மா. 'துணி ஜாஸ்தி, ஆள் பத்தல, அதான் அனுப்பினோம்'னு அந்தப் பக்கம் சொல்லிடுவாங்க. ஏன் அனுப்பினாங்கன்னு உங்க அக்கா வாயால வரணும். சம்மன் போட்டுக் கூப்பிடுவோம்" என்றார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "கேஸ் தோத்துடும்" என்றார். தோற்கட்டும் என்றேன். இவர் அங்கேயே எழுந்து வெளியே போய்விட்டார்.

உன்மேல் இரக்கப்பட்டு இல்லை அக்கா. பத்து மாதமாக நான் கேட்டது ஒன்றுதான். அதை நீ முதல்முதலாகச் சொல்வது முன்பின் தெரியாத ஒரு ஜட்ஜிடமாக இருக்கக் கூடாது. அதை என்னால் தாங்க முடியாது. சொல்வதென்றால் என்னிடம் சொல். இல்லையென்றால் யாரிடமும் சொல்லாதே.

நளினி


சாத்தூர்
11.2.2025

நளினி,

தெரியும். எல்லாம் தெரியும். தை கடைசியில் தண்ணீர் தடிக்கும், மாசியில் கரிக்கும், பங்குனியில் வாயில் வைக்க முடியாது. வைகாசி மழை வந்தால் மறுபடி இனிக்கும். கடையை நாங்கள் எடுத்த முதல் வருஷமே தெரிந்துவிட்டது. எங்களுக்கு விற்றவனும் சொல்லவில்லை.

உன் அத்தான் என்னை மிரட்டி வாயடைத்ததாக நீ நினைத்துக்கொண்டிருப்பாய். அப்படி நினைக்கட்டும் என்றுதான் நானும் இருந்தேன். அவர் என்னிடம் சொல்லாதே என்று ஒருநாளும் சொல்லவில்லை. நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நானேதான் சொல்லவில்லை.

ஒன்பது வருஷம் நளினி. அப்பா சாவுக்குக் கப்பல் கிடைக்கவில்லை. விமானத்துக்குக் காசில்லை. அம்மா போனபோது பதினாறாம் நாள்தான் வந்து சேர்ந்தேன். யாராவது வாங்கினால்தான் நான் அந்தத் தீவைவிட்டுப் போக முடியும். எத்தனையோ பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், வெளியில் விசாரித்துத் தெரிந்துகொண்டு போனார்கள். நீங்கள் யாரிடமும் விசாரிக்கவில்லை. அக்கா இருக்கிறாளே என்று விசாரிக்கவில்லை.

குணா தம்பி தண்ணீர் குடித்தபோது நான் சமையலறையில் நின்றேன். நாலடி வைத்து வெளியே வந்திருக்கலாம். உனக்கு அப்போது ஆறு மாதம். பிரசவம் வரை இருந்தால் ஒருநாள் சொல்லிவிடுவேன் என்று பயந்துதான் ஐப்பசியிலேயே கிளம்பினேன்.

நேற்று இவரிடம் சொல்லிவிட்டேன், நான் போய்ச் சாட்சி சொல்லப்போகிறேன் என்று. தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். போனால் திரும்பி வராதே என்றார் பிறகு. தமிழ் என் பையைப் பரண்மேலிருந்து இறக்கிக் கொடுத்தான்.

உன்னிடம் சொல்லிவிட்டேன். இனி ஜட்ஜிடம் சொல்வேன். சம்மன் போடச் சொல். நான் போட்டில் இடது பக்கம்தான் உட்காருவேன், வெயில் படாது.

மங்கை


ஹாடோ
9.3.2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது. கோபம் இருக்கிறது, அது போகாது, போக வேண்டும் என்று நான் அவசரப்படவும் இல்லை. ஒரு வருஷத்தில் முதல்முறையாக எனக்கு ஒருத்தி கடிதம் எழுதியதுபோல் இருந்தது.

சம்மன் உன் கைக்கு வந்திருக்கும். கப்பல் விவரம் வக்கீல் ஆபீசுக்குத் தெரிவித்துவிடு. நீ எங்கள் வீட்டில் தங்கக் கூடாதாம். சாட்சிக்குச் சொல்லிக்கொடுத்தோம் என்று அந்தப் பக்கம் பேசுமாம். ஜங்லிகாட் பகுதியில் ஒரு லாட்ஜில் அறை போட்டிருக்கிறது, மாடியில், ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும். நான் கேட்கவே இல்லை, இவர்தான் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அங்கே விரிப்பெல்லாம் நாங்கள் துவைப்பது. ஓடைத் தண்ணீரில் அலசியது, உறுத்தாது.

உன் வீட்டுக் கதவு திறக்குமா, எங்கள் வீட்டுக் கதவு எப்போது திறக்கும் என்றெல்லாம் இப்போது எழுதத் தெரியவில்லை. சாட்சி முடியும்வரை எழுதவும் கூடாது என்கிறார் ரஷீதா மேடம். இதுதான் கடைசி.

கப்பல் வரும் அன்று ஹாடோ துறைமுக வாசலில் பாப்பாவோடு நிற்பேன். பார்த்தாலும் இருவரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பேசத்தான் கூடாது. பாப்பாவைத் தூக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

நளினி